புளிக்குழம்பும் இனிது

இனிமையான குரல் என்கிறோம். இனிமையான மாலை, இனிய நண்பர், இனிய பொங்கல் வாழ்த்துகள், விழா இனிதே நிறைவுற்றது என்று எங்கு பார்த்தாலும் இந்தச் சொல் தாராளமாகப் புழங்குகிறது. ஆனால் இலையில் உட்கார்ந்து "ரசம் இனிமையாக இருக்கிறது" என்று சொல்லிப் பாருங்கள். பரிமாறுகிறவர் கரண்டியோடு அப்படியே நின்றுவிடுவார், வெல்லம் ஏதாவது விழுந்துவிட்டதோ என்று சந்தேகம் வந்துவிடும். குரலுக்கும் மாலைப்பொழுதுக்கும் பொருந்துகிற சொல், நாக்கில் பிறந்த சொல், நாக்குக்குப் பிடித்த ஒரு ரசத்துக்குப் பொருந்தாமல் போய்விட்டது. சாப்பாட்டைப் பொறுத்தவரை இனிப்பு என்றால் இன்றைக்கு சர்க்கரை, வெல்லம், கருப்பட்டி, அவ்வளவுதான். கடைப் பலகையில்கூட இனிப்பு ஒரு பக்கம், காரம் ஒரு பக்கம் என்று உலகத்தை இரண்டாகப் பிரித்து எழுதி வைத்திருக்கிறோம்.

இது எனக்குச் சின்ன விஷயமாகப் படவில்லை. நம்மிடம் இருந்த ஒரு பெரிய சொல் சுருங்கிப் போன கதை இது, கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன்.

குறுந்தொகையில் 167-ஆவது பாட்டு. கூடலூர் கிழார் பாடியது. ஆறே அடிகள்தான்:

முளிதயிர் பிசைந்த காந்தள் மெல்விரல்
கழுவுறு கலிங்கம் கழாஅது உடீஇக்
குவளை உண்கண் குய்ப்புகை கழுமத்
தான்துழந்து அட்ட தீம்புளிப் பாகர்
இனிதெனக் கணவன் உண்டலின்
நுண்ணிதின் மகிழ்ந்தன்று ஒண்ணுதல் முகனே

புதுக்குடித்தனம். மகள் எப்படிக் குடும்பம் நடத்துகிறாள் என்று போய்ப் பார்த்துவிட்டு வந்த செவிலி, அதாவது வளர்த்த தாய், அவளைப் பெற்றவளிடம் சொல்கிறாள். கட்டித் தயிரை விரலால் பிசைகிறாள், பிசைந்த கையைப் புடவையிலேயே துடைத்துக்கொள்கிறாள், அதைத் துவைக்கவும் நேரமில்லாமல் அப்படியே உடுத்தியிருக்கிறாள், தாளித்த புகை கண்ணில் ஏறுகிறது, அதற்கும் அசையாமல் நின்று குழம்பைத் துழாவி ஆக்குகிறாள். குய் என்றால் தாளிப்பு. பாகர் என்றால் குழம்பு. அவன் "இனிது" என்று சொல்லிச் சாப்பிட்டான். அவள் முகம் நுட்பமாக மலர்ந்தது.

இந்தப் பாட்டில் எல்லோரும் அந்தக் கடைசி வரியின் "நுண்ணிதின்" என்ற சொல்லில் போய் நின்றுவிடுகிறார்கள். நிற்க வேண்டிய இடம்தான். ஆனால் எனக்கு அதற்கு முந்தின வரிதான் முக்கியம். அவன் சாப்பிட்டது பாயசம் இல்லை. தயிர் போட்ட புளிப்புக் குழம்பு, இன்றைய மோர்க்குழம்பின் பாட்டி என்று வைத்துக்கொள்ளலாம். அதைத்தான் அவன் இனிது என்கிறான். பாடியவரும் அதைத் "தீம்புளி" என்கிறார். தீம் என்றாலும் இனிமைதான், தித்திப்பு பிறந்த அதே குடும்பம். இனிய புளி! இன்றைக்கு யாராவது இப்படி எழுதினால் முரண் என்போம். அன்றைக்கு அதில் முரண் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை, ஏனென்றால் இனிது என்பது ஆறு சுவைகளில் ஒன்றின் பெயராக மட்டும் இல்லை. எந்தச் சுவையும் அளவாக அமைந்து நாக்குக்கு உகந்து நிற்கிற நிலைக்கும் அதுதான் பெயர்.

வெல்லம் போட்டிருப்பாள் என்று ஒருவர் சொல்லலாம். வத்தக்குழம்பை இறக்கும்போது ஒரு துண்டு வெல்லம் போடுகிற கை நம் வீடுகளில் உண்டு, புளிக்காய்ச்சலுக்கும் போடுவார்கள். ஆனால் அதைப் போடுவது குழம்பை இனிப்பாக்குவதற்காக அல்ல என்பது போடுகிற எல்லோருக்கும் தெரியும். புளியும் காரமும் தனித்தனியாகத் துருத்திக்கொண்டு நிற்காமல் ஒன்றோடொன்று சேர்வதற்காகப் போடுவது. "கொஞ்சம் வெல்லம் போட்டா ருசி எடுக்கும்" என்றுதான் சொல்வார்கள், இனிப்பு எடுக்கும் என்று யாரும் சொல்வதில்லை. வெல்லம் இருப்பது தெரிந்துவிட்டால் அந்தக் குழம்பு கெட்டது என்றே அர்த்தம். அதனால் வெல்லம் போட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும் என் வாதம் மாறாது.

ஒரு சொல்லின் எல்லை எது என்று தெரிய வேண்டுமானால் அதன் எதிர்ச்சொல்லைப் பார்க்க வேண்டும். இனிப்புக்கு இன்று எதிர்ச்சொல் கேட்டால் பள்ளிக்கூடப் பிள்ளை கசப்பு என்று சொல்லும். பழைய தமிழில் இனிதுக்கு எதிர் இன்னாது. கசப்பைப் பற்றிய பேச்சே அதில் கிடையாது. இன்னா என்றால் துன்பம், நோவு, உவப்பில்லாதது. இனியவை நாற்பது, இன்னா நாற்பது என்று இரண்டு நூல்கள் பதினெண்கீழ்க்கணக்கில் இருக்கின்றன, இரண்டிலும் சமையல் தேடினால் அதிகம் கிடைக்காது, வாழ்க்கைதான் கிடைக்கும்.

அப்படியென்றால் உணவுக்கும் அதற்கும் தொடர்பில்லையா என்றால், இருக்கிறது, நன்றாகவே இருக்கிறது. ஒருவன் சோற்றைத் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவதைப் பற்றி வள்ளுவர் சொல்வதைப் பாருங்கள்: "இரத்தலின் இன்னாது மன்ற நிரப்பிய தாமே தமியர் உணல்." பிச்சையெடுப்பதைவிட இன்னாதது, சேர்த்து வைத்ததைத் தானே தனியாக உண்பது. புறநானூற்றில் 182-ஆம் பாட்டில் கடலுள் மாய்ந்த இளம்பெருவழுதி, இந்த உலகம் ஏன் இன்னும் நிலைத்திருக்கிறது என்று சொல்ல வருகிறவர், முதலில் சொல்லும் காரணமே இதுதான். இந்திரனின் அமிழ்தமே கிடைத்தாலும் "இனிது எனத் தமியர் உண்டலும் இலரே". தனக்குக் கிடைத்தது அமிழ்தம் என்பதற்காக அதை இனிது என்று தனியே உண்ணாதவர்கள் இருக்கிறார்கள், அதனால் உலகம் இருக்கிறது. இனிது என்ற அந்தத் தீர்ப்பைச் சொல்லப் பக்கத்தில் இன்னொரு ஆள் வேண்டும் என்பது போல இருக்கிறது எனக்கு. இது என் வாசிப்பு, உரைகாரர்கள் யாரும் இப்படிச் சொல்ல வேண்டியதில்லை.

அப்புறம் கூழ். "அமிழ்தினும் ஆற்ற இனிதே தம்மக்கள் சிறுகை அளாவிய கூழ்." கூழில் என்ன இருக்கிறது? தானியம், தண்ணீர், உப்பு. இன்னொரு குறளில் அதைவிடவும் எளிய உணவு வருகிறது: "தெண்ணீர் அடுபுற்கை ஆயினும் தாள்தந்தது உண்ணலின் ஊங்கினிய தில்." தெளிந்த நீர் போல ஓடுகிற புற்கைக் கஞ்சியானாலும் தன் உழைப்பு தந்ததை உண்பதைவிட இனியது இல்லை. இரண்டிலும் தேனோ பாலோ கரும்போ கிடையாது. அவையெல்லாம் வள்ளுவருக்குத் தெரியாதவை அல்ல, காதலியின் வாயூறலைச் சொல்ல வரும்போது பாலையும் தேனையும் கலந்துதான் சொல்கிறார். கூழையும் கஞ்சியையும் இனிது என்று சொல்வதற்கு அவருக்கு அந்தத் துணை எதுவும் தேவைப்படவில்லை.

இனி நெல்லிக்காய்க்கு வருகிறேன். அதியமான் ஔவைக்குக் கொடுத்த நெல்லியைத் தெரியாத தமிழர் இருக்க மாட்டார்கள். அந்தக் கனியை ஔவையே பாடும்போது (புறநானூறு 91) "சிறியிலை நெல்லித் தீங்கனி" என்கிறார். பெருமலைப் பிளவில் ஏறிப் பறித்த அரிய கனி என்பதெல்லாம் சரி, ஆனால் நெல்லி நெல்லிதானே. கடித்தவுடன் புளிக்கும், மென்றால் துவர்க்கும், ஈறெல்லாம் இழுக்கும். தீங்கனி என்று எப்படிச் சொன்னார்? சும்மா வாய்ப்பாடாகச் சொல்லிவிட்டார் என்று ஒதுக்கிவிடலாம். நான் அப்படி நினைக்கவில்லை. நெல்லிக்காய் தின்றுவிட்டு ஒரு வாய் தண்ணீர் குடித்தவர்களுக்கு ஔவை சொன்னது புரியும். தண்ணீர் தித்திக்கும். நாக்கு புளிப்புக்கும் துவர்ப்புக்கும் பழகி நிற்கிற நேரத்தில் அந்த எச்சத்தைத் தண்ணீர் கழுவிக்கொண்டு போகும்போது, வெறும் தண்ணீரே இனிப்பாகத் தெரிகிறது. தண்ணீரில் ஒரு துளி சர்க்கரை கிடையாது, தன் முந்தின நிலையிலிருந்து விலகுவதை நாக்கு இனிப்பு என்று படிக்கிறது.

தண்ணீர் என்று வந்துவிட்டதால் இங்கே கொஞ்சம் தங்க வேண்டியிருக்கிறது, ஏனென்றால் அந்தப் பழைய பொருள் இன்னும் பேச்சில் உயிரோடு இருப்பது தண்ணீரில்தான். சிவகங்கை, ராமநாதபுரம் பக்கத்து ஊர்களில் ஊருணித் தண்ணீருக்கும் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீருக்கும் உள்ள வேறுபாடு வாழ்க்கைப் பிரச்சினை. பல இடங்களில் பூமிக்குள் கிடைப்பது உப்புத் தண்ணீர், குளிக்கத் துவைக்க ஆகும், வாயில் வைக்க முடியாது. குடிக்கிற தண்ணீரைக் குடத்தோடு தூக்கி வருகிற என் பெரியம்மா மாதிரியான பெண்கள் அதை "தண்ணி இனிச்சுக் கெடக்கு" என்பார்கள். அதில் மிகை எதுவும் கிடையாது. உப்பு இல்லை, கடுக்கவில்லை, தொண்டையில் தடையில்லாமல் இறங்குகிறது என்பதையெல்லாம் சேர்த்து ஒரே சொல்லில் சொல்வது அது.

நாம் மட்டும்தான் இப்படி என்றும் இல்லை. கன்னடத்தில் குடிக்கத் தகுந்த நீரை சிஹி நீரு என்பார்கள், சிஹி என்றால் இனிப்பு. பாரசீகத்தில் நன்னீருக்கு ஆபே ஷிரீன், இனிப்பு நீர். ஸ்பானிஷ்காரர்களுக்கும் கடல்நீர் அல்லாத ஆற்றுநீரெல்லாம் அகுவா துல்சே, அதுவும் இனிப்புத் தண்ணீர்தான். சங்கப் பாட்டிலும் பாரியின் மலைச்சுனையைச் சொல்லும்போது கபிலர் "தீநீர்ப் பெருங்குண்டு சுனை" என்கிறார். தீநீர் என்பதை இன்றைக்குப் படிக்கிற பிள்ளைகள் நெருப்பென்றோ கெட்ட நீர் என்றோதான் எடுத்துக்கொள்வார்கள், அவர்களைக் குறை சொல்ல முடியாது.

அதே கபிலர் ஐங்குறுநூற்றில் (203) ஒரு பெண்ணைப் பேச விடுகிறார். காதலனோடு அவன் ஊருக்குப் போய்விட்டுத் திரும்பி வந்திருக்கிறாள். அந்த ஊர்த் தண்ணீர் நன்றாகவே இருக்காதே, எப்படிக் குடித்தாய் என்று தோழி கேட்கிறாள். அவள் பதில்:

அன்னாய் வாழிவேண்டு அன்னைநம் படப்பைத்
தேன்மயங்கு பாலினும் இனிய அவர்நாட்டு
உவலைக் கூவல் கீழ
மானுண்டு எஞ்சிய கலிழி நீரே

நம் தோட்டத்துத் தேன் கலந்த பாலைவிட இனியது, அவர் நாட்டில் சருகு மூடிய பள்ளத்தின் அடியில் மான் குடித்து மிச்சம் வைத்த கலங்கல் நீர். இதை வெறும் காதல் மிகைப்படுத்தல் என்று தள்ளிவிட்டால் நட்டம் நமக்குத்தான். அவளுக்குத் தேனும் பாலும் தெரியும், ஒப்பிட்டே சொல்கிறாள், அதற்குப் பிறகும் கலங்கல் நீரை இனிய என்கிறாள். பழைய சொல்லின் முழு அகலமும் இந்த நான்கடியில் இருக்கிறது. நாக்கு, தாகம், ஊர், ஆள் எல்லாம் சேர்ந்துதான் அந்தத் தீர்ப்பு வருகிறது.

இந்தத் தீர்ப்பு மாறவும் செய்யும். குறுந்தொகை 196-இல் மிளைக் கந்தன் பாட்டில் தோழி, பிரிந்து போய்த் திரும்பி வந்து வாசலில் நிற்கிறவனைப் பார்த்து உறைக்கிற மாதிரி கேட்கிறாள்: அன்றைக்கு என் தோழி பச்சை வேப்பங்காயைத் தந்தால்கூட வெல்லக்கட்டி என்றீர், இன்றைக்குப் பாரியின் பறம்பு மலைச்சுனைத் தண்ணீரைத் தை மாதக் குளிரில் தந்தாலும் சுடுகிறது, உவர்க்கிறது என்கிறீர், உங்கள் அன்பு இவ்வளவுதானா? வேப்பங்காய் மாறவில்லை, சுனையும் மாறவில்லை.

இன்றைய தண்ணீரைப் பற்றியும் ஒரு வார்த்தை. தண்ணீருக்குச் சுவை தருவது அதில் கரைந்திருக்கிற கால்சியம், மக்னீசியம் போன்ற உப்புகள். இந்தியக் குடிநீர்த் தரம், கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்கிறது, வேறு வழியே இல்லாத இடத்தில் 2000 வரை. அதற்கு மேல் போனால் வாயில் வைக்க முடியாது. ஆனால் முழுக்க எடுத்துவிட்டாலும் ருசி போய்விடுகிறது. நம் எச்சிலிலேயே உப்பு இருக்கிறது, அதைவிட வெறுமையான நீர் நாக்கில் பட்டால் தட்டையாகத்தான் தெரியும். ஆர்.ஓ. கருவித் தண்ணீரும் கேன் தண்ணீரும் மட்டுமே குடித்து வளர்கிற பிள்ளைகளிடம் தண்ணீர் இனிக்குமா என்று கேட்டால் விழிக்கிறார்கள். சிறுவாணியையோ தாமிரபரணியையோ குடித்தவர்கள் அதைப் பற்றிப் பேசும்போது முகம் மாறுவதைப் பார்த்திருக்கிறேன். திருநெல்வேலி அல்வா வேறு எங்கே கிண்டினாலும் அந்த ருசி வராது, ஆற்றுத் தண்ணீர்தான் காரணம் என்று அந்த ஊர்க்காரர்கள் அடித்துச் சொல்வதும் இந்த உணர்விலிருந்து வருவதுதான்.

மருத்துவத்திலும் இந்த அகலம் இருந்திருக்கிறது. சித்தத்திலும் ஆயுர்வேதத்திலும் இனிப்புச் சுவை என்ற வகைக்குள் அரிசியும் கோதுமையும் பாலும் நெய்யும் வரும். முதன்முதலில் இதைக் கேட்கிறவர்களுக்குக் குழப்பமாக இருக்கும், சோறு எப்படி இனிப்பாகும் என்று. ஒரு வாய் வெறும் சோற்றை எடுத்து, குழம்பில்லாமல், நன்றாக மென்று பாருங்கள். கொஞ்ச நேரத்தில் இனிக்கத் தொடங்கும். எச்சிலில் இருக்கும் அமிலேஸ் என்ற நொதி மாவுச்சத்தை உடைத்து மால்ட்டோஸ் என்ற சர்க்கரையாக்குகிறது. அவசர அவசரமாக விழுங்குகிற நமக்கு அது தெரிய வாய்ப்பில்லை.

அப்படி இருந்த சொல் எப்போது சர்க்கரைக்குள் போய் அடைந்தது? அறுசுவையில் ஒன்றின் பெயராக அது வெகு காலமாகவே இருந்திருக்கிறது, அதனால் திடீரென்று நடந்ததில்லை. ஆனாலும் சர்க்கரை மலிந்ததற்கும் சொல் சுருங்கியதற்கும் தொடர்பு இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். அதியமானின் முன்னோர்தான் கரும்பை இங்கே கொண்டுவந்தார்கள் என்று ஔவையே பெருமையாகப் பாடுகிற அளவுக்கு அது ஒரு காலத்தில் அரிய பொருள். பின்னால் வெல்லம், கருப்பட்டி, நாட்டுச்சர்க்கரை என்று வீட்டுப் பொருளாகியது. அதற்கும் பின்னால் ஆலைகளின் வெள்ளைச் சர்க்கரை. கொங்குப் பக்கத்து வயதானவர்கள் இன்னும் அதை அஸ்கா என்பார்கள். இன்றைய ஒடிசாவில், 1936 வரை சென்னை மாகாணத்தோடு இருந்த கஞ்சம் மாவட்டத்தில், அஸ்கா என்று ஒரு ஊர். அங்கே சர்க்கரை ஆலை இருந்தது, ஊர்ப்பெயர் பொருளின் பெயராகிவிட்டது. தெற்கே போனால் சீனி, ஈழத்திலும் சீனி, அதில் சீனதேசம் இருக்கிறது. சர்க்கரை என்ற சொல்லுக்கு வடமொழியில் பருமணல், சரளை என்ற பொருளும் உண்டு. இப்படித் தூரதேசத்துப் பெயர்களோடு வந்து இறங்கிய வெள்ளை மணல், தினமும் காலையில் காபியோடும் தேநீரோடும் நாக்கில் ஏறி உட்கார்ந்த பிறகு, இனிப்பு என்றாலே அதுதான் என்று ஆகிவிட்டது. இப்போது சர்க்கரை என்பதே ஒரு நோயின் பெயர். "அவருக்கு சர்க்கரை இருக்கு" என்றால் யாரும் டப்பாவைத் தேடுவதில்லை. யாழ்ப்பாணத்தில் சீனி வருத்தம் என்பார்கள்.

ஜப்பானியர் கதை இதற்கு நேர் எதிர். 1908-இல் டோக்கியோவில் இகேதா கிகுனே என்ற வேதியியல் பேராசிரியர் கொம்பு என்ற கடற்பாசிச் சாறில் இருக்கும் ருசிக்குக் காரணம் குளூட்டமேட் என்று கண்டுபிடித்தார். இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு எதிலும் அடங்காத அந்தச் சுவைக்குப் பெயர் தேவைப்பட்டது. ருசியாக இருக்கிறது என்று சாதாரணமாகச் சொல்கிற உமாய் என்ற சொல்லிலிருந்தே உமாமி என்று பெயர் வைத்தார். பொதுச்சொல் ஒரு தனிச்சுவைக்கும் பெயர் கொடுத்தது, ஆனாலும் ஜப்பானியர் இன்றும் எந்த உணவு பிடித்தாலும் உமாய் என்கிறார்கள், பொதுப்பொருள் போய்விடவில்லை. நம்மிடம் தனிச்சுவை வந்து பொதுப்பொருளை உணவிலிருந்து வெளியே தள்ளிவிட்டது. அந்தப் பொதுப்பொருள் குரலுக்கும் மாலைக்கும் வாழ்த்து அட்டைக்கும் போய்ப் பிழைத்துக்கொண்டது.

இழப்பு சாப்பாட்டோடு நிற்கவில்லை, அதுதான் எனக்கு வருத்தம். "இனிக்க இனிக்கப் பேசுறான்" என்றால் இன்றைக்கு நாம் உஷாராகிவிடுகிறோம். சர்க்கரை தடவிய பேச்சு, உள்ளே வேறு ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். வள்ளுவர் இனியவைகூறல் என்று ஒரு அதிகாரமே எழுதியவர், இன்சொல் எது என்று அதன் முதல் குறளிலேயே சொல்லிவிடுகிறார்: அன்பு கலந்தது, வஞ்சனை இல்லாதது. "ஈரம் அளைஇப் படிறிலவாம்." படிறு இருந்தால் அது இன்சொல்லே ஆகாது. இனிது என்பது மேலே தடவுகிற பூச்சாக இல்லாமல் பொருளின் உள்ளிருந்தே வருகிற தன்மையாக இருந்த காலத்துப் பேச்சு இது. இனிமையை நாம் சர்க்கரையாக எண்ணத் தொடங்கிய பிறகு, இன்சொல்லும் சந்தேகத்துக்குரியதாகிவிட்டது.

சரி, பழைய இனிது செய்த வேலையை இன்று எந்தச் சொல் செய்கிறது? சுவை என்று சொல்லலாம், ஆனால் அது பேச்சில் குறைவு, விளம்பரத்தில் அதிகம். அதோடு அது நடுநிலையான சொல்லும்கூட, கசப்பும் ஒரு சுவைதான். ருசி நம் வாயில் நன்றாகப் பழகியது, ருசி கண்ட பூனை என்ற பழமொழி வரைக்கும் வந்துவிட்டது, ஈழத்தில் உருசி என்று எழுதுகிறவர்களும் உண்டு. டேஸ்ட்டா இருக்கு என்று நகரத்துப் பிள்ளைகள் சொல்வதில் எனக்குக் கோபமில்லை, சாப்பிட்டுவிட்டு ஒன்றும் சொல்லாமல் எழுந்து போவதைவிட அது எவ்வளவோ மேல். நம் வீட்டு ஆண்களில் பாதிப் பேர் உப்பு தூக்கலாக இருந்தால் மட்டும் வாயைத் திறப்பவர்கள். நன்றாக இருந்தால் பேச்சே வராது. "ஒண்ணும் சொல்லலைன்னா நல்லாருக்குன்னு அர்த்தம்" என்று சமைத்தவரே தனக்குத்தானே விளக்கம் சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது. குறுந்தொகைக் கணவன் சொன்ன அந்த ஒரு சொல்லின் மதிப்பு இந்த வீடுகளில்தான் தெரியும்.

அந்தக் கணவனை இன்றைய வீட்டில் உட்கார வைத்தால் என்ன சொல்லியிருப்பான் என்று யோசித்துப் பார்க்கிறேன். "இனிமையாக இருக்கிறது" என்றிருக்க மாட்டான், "சுவையாக உள்ளது" என்று விளம்பரக்காரர் மாதிரியும் பேசியிருக்க மாட்டான். "நல்லாருக்கு" என்றிருப்பான். நல்ல என்ற இந்தச் சொல்லைத்தான் நான் தேடிக்கொண்டிருந்தேன், அது நாம் கவனிக்காமலே அந்த வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. உப்பில்லாத நீர் நல்ல தண்ணி. எள்ளில் ஆட்டிய எண்ணெய் நல்லெண்ணெய். கன்னியாகுமரி மாவட்டத்தில் கருமிளகுக்குப் பெயர் நல்லமிளகு, அது நாக்கைச் சுடுகிற பொருள்! தண்ணீர், எண்ணெய், காரம் என்று எதோடும் ஒட்டிக்கொள்கிறது, எந்த ஒரு சுவைக்குள்ளும் அடைபடவில்லை. அகராதியில் பார்த்தால் நல்லது என்பதும் இனிது என்பதும் வேறு வேறு. ஆனால் சோற்றில் குழம்பை ஊற்றிப் பிசைந்து முதல் வாய் வைத்தவர் தலையை லேசாக ஆட்டி "நல்லாருக்கு, இன்னொரு கரண்டி ஊத்து" என்று தட்டை நீட்டும்போது, கூடலூர் கிழார் எழுதிய இனிதுக்கும் அதற்கும் நடுவே என்னால் எந்த வித்தியாசத்தையும் பார்க்க முடியவில்லை.